காண்டன் படகுப் படங்கள்: சாட்சியா, சரக்கா?

நெய்தல்:
19ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகக் கடைகள் வெள்ளைக்கார வணிகர்களுக்கு வரைந்து விற்ற படகுப் படங்களை, ஏதோ அங்கே ஓடும் முத்து நதியின் புகைப்படம் போல இங்கே பகிர்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் முகம் வரைவார், வேறொருவர் வண்ணம் தீட்டுவார். மாதிரியை அடியில் வைத்து அதே படகைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். பன்னிரண்டு தாள் சேர்த்தால் ஒரு ஆல்பம். ஊருக்குப் போகிறவன் வாங்கிப்போகும் நினைவுப்பொருள், அவ்வளவுதான்.

துடுப்பு:
சரக்குதான், யார் மறுத்தது? ஆனால் வாங்கியவன் தங்கிய கிடங்குகளே ஆற்றங்கரையில்தானே இருந்தன? அவனுடைய கப்பல், ஆற்றில் கீழே இருந்த வாம்போ நங்கூரத்துறைக்கு மேல் வராது. தேயிலைப் பெட்டிகள் அங்கே போனது உள்ளூர்ப் படகில். தினமும் பார்த்த படகைத் தப்பாக வரைந்தால் காசு கொடுப்பானா?

சம்பான் என்ற சிறு படகின் படத்தில் பின்முனையைப் பாருங்கள். நீளமான ஒற்றைத் துடுப்பு, அதன் கைப்பிடியிலிருந்து தளத்துக்கு ஒரு கயிறு. கயிற்றையும் சேர்த்து இழுத்துத் தள்ளினால்தான் துடுப்பின் அலகு திரும்பும். அழகுக்காக மட்டும் வரைகிறவனுக்கு அந்தக் கயிறு எதற்கு?

நெய்தல்:
கயிறு சரி. ஆனால் எதை வரைவது என்று தீர்மானித்தது யார்? பூப்படகு என்ற மிதக்கும் கேளிக்கை விடுதி, வாத்து மேய்க்கும் வாத்துப்படகு. சாயங்காலம் கூப்பிட்டதும் வாத்துகள் ஓடிவரும், கடைசியாக ஏறும் வாத்துக்கு அடி விழும் என்று பயணிகள் எழுதிவைத்தார்கள். அந்தக் கதைக்குத்தான் கிராக்கி.

தாள்பித்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் படங்கள் வரைந்த தாளைப் பலரும் ‘அரிசித்தாள்’ என்கிறார்கள். அதில் அரிசியும் இல்லை, அது காகிதமும் இல்லை. ஒரு செடித்தண்டின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைக் கத்தியில் உருட்டிச் சீவிய ஏடு. ஈரம் பட்டதும் உப்பும். அதனால்தான் வண்ணம் வெல்வெட் மாதிரி மேலெழுந்து நிற்கிறது. லேசாக மடித்தாலே முறியும். ஓரத்தில் பட்டு ரிப்பன் ஒட்டியதைச் சும்மா அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.

துடுப்பு:
நல்ல தகவல். நெய்தல், வாத்துக்கதைக்கே வருகிறேன். கதை மட்டும் போதுமென்றால் படகில் நாலு வாத்தை வரைந்தால் முடிந்தது. படத்தில் படகின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கு மேல் நீட்டிய மேடை இருக்கிறதே! அதில் அடைத்துக் கொண்டுபோய், சேற்றுக்கரையில் பலகை போட்டு மேயவிடுவார்கள். தொழில் நடந்த விதம் அந்த மேடையில் இருக்கிறது.

நெய்தல்:
சரி, படகை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பிறந்ததிலிருந்து ஆற்றிலேயே குடியிருந்த தங்கா (படகுவாழ் சமூகம்) பெண், நாள் முழுக்கத் துடுப்புப் போட்டும் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நிற்கிறாளே, அதை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள்.