இரண்டாம் திருத்தம்: ஆயுத உரிமை தனிமனிதருக்கா, குடிப்படைக்கா?

கேள்வி:
1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், குடிப்படையின் (தேவைப்படும்போது படையாகத் திரளும் குடிமக்களின்) தேவையைச் சொல்லித் தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறதா? நீதிமன்றம் இன்று எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறது?

பதில் 1:
கட்டுப்படுத்தவில்லை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. குடிப்படையில் சேராதவரும் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதால், கைத்துப்பாக்கியைத் தடைசெய்த வாஷிங்டன் நகரச் சட்டம் செல்லாமல் போனது. ஆனால் அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியாவே இவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும், கடுங்குற்றம் புரிந்தோர் மீதான தடையையும் பள்ளிகளில் துப்பாக்கி கொண்டுசெல்வதற்கான தடையையும் இது அசைக்காது என்றும் கூறியிருக்கிறார். வாதிடுவோர் பலர் அந்தப் பத்தியைப் படிப்பதேயில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

பதில் 2:
எனக்கு, முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஹெல்லர் வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பே சரியெனப் படுகிறது. 1939-இல் மில்லர் வழக்கில், குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கிக்கும் குடிப்படையின் பயன்பாட்டுக்கும் தொடர்புண்டா என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. முற்பகுதியை வெறும் முன்னுரையாக்குவது அதை எழுதியவர்களுக்குச் செய்யும் நியாயமன்று.

பதில் 3:
அளவுகோல் 2022-இல் புரூயென் வழக்கில் மாறியது. பொதுநலனை எடைபோடுவதற்குப் பதிலாக, ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும். இதனால் கீழ்நீதிமன்றங்கள் பழஞ்சட்டங்களைத் தேடித் திணறின. 2024-இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் சட்டத்தை 8-1 என்ற கணக்கில் உறுதிசெய்த நீதிமன்றம், பழஞ்சட்டம் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டியதில்லை, அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும் என்றது. அக்கொள்கையை எவ்வளவு விரிவாக வரையறுப்பது என்பதில்தான் இனி வரும் வழக்குகள் சிக்கும்.