தொடக்கப்பள்ளிக்கு 12 பழைய கணினி: எந்த லினக்ஸ், எப்படிப் போடுவது?

கேள்வி:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு 12 பழைய கணினிகள் வந்திருக்கு. எல்லாமே கோர் 2 டுயோ, ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், 160 ஜிபி டிஸ்க். நெட்டுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான். கரண்ட் அடிக்கடி போகும், யுபிஎஸ் இல்லை. பழைய பெட்டிங்கிறதால 32 பிட்தான் போடணுமா? பிள்ளைகள் ஐகானை அழிச்சிட்டா தினமும் சரிபண்ண ஆள் இல்லை, அதுக்கும் வழி சொல்லுங்க.

பதில் 1:
32 பிட் வேண்டாம். கோர் 2 டுயோ 64 பிட் சிப்தான்; டெபியன் 13-ல் (இலவச லினக்ஸ் வகை) 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. டெபியன் 13, எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப், கூடவே ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் ஜிராம்-டூல்ஸ் போட்டு, அதுக்கு ராமில் 50 சதவீதம் வையுங்க. ராமைத் தின்பது பிரவுசர்தான். பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பு ஜிகாம்ப்ரி, படம் வரையும் டக்ஸ் பெயிண்ட் இரண்டும் நெட் இல்லாமலே ஓடும். ஜிகாம்ப்ரி கருப்புத் திரையோடு நின்னா சாஃப்ட்வேர்-ரெண்டரர் ஆப்ஷனோடு திறங்க. கையில் காசு இருந்தா முதல்ல 120 ஜிபி எஸ்எஸ்டி, அப்புறம் ராம். அந்தப் போர்டில் டிடிஆர்2, 4 ஜிபிக்கு மேல ஏறாது.

பதில் 2:
அதுக்கு முன்னாடி சிமாஸ் பேட்டரி, அதாவது போர்டில் தேதி, நேரத்தைக் காக்கும் காசு வடிவ பேட்டரி. சிஆர்2032, 12 வாங்கி எல்லாத்திலும் மாத்திடுங்க. பேட்டரி செத்திருந்தா தேதி பல வருஷம் பின்னால போயிடும். ஆப்ட் (டெபியனில் மென்பொருளை இறக்கும் நிரல்) ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லாது’ன்னு நிக்கும், எச்டிடிபிஎஸ் தளம் எதுவும் திறக்காது. பார்க்கிறவங்க நெட் கோளாறுன்னு நினைப்பாங்க.

ஒரு பெட்டியை முழுசா தயார் பண்ணி, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லாவில் இமேஜ் (முழு நகல்) எடுத்து மற்ற 11-லும் இறக்குங்க. 160 ஜிபின்னு எழுதியிருந்தாலும் டிஸ்க்குக்கு டிஸ்க் அளவு கொஞ்சம் மாறும். இருக்கிறதிலேயே சின்ன டிஸ்க்கில் இருந்து எடுங்க, இல்லாட்டி இறங்காது. இமேஜ் எடுக்கும் முன் மெஷின்-ஐடி ஃபைலை (ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாள எண் இருக்கும் ஃபைல்) அழிக்காம காலியாக்குங்க. அது எல்லாத்திலும் ஒண்ணா இருந்தா இரண்டு பெட்டிக்கு ஒரே ஐபி (நெட்வொர்க் முகவரி) விழலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. நாலு பெட்டியில் ‘எஃப்1 அழுத்து’ன்னு வருது, பேட்டரிதான் போல. ஐகான் விஷயம்?

பதில் 3:
‘மாணவர்’னு ஒரு கணக்கு, லாகின் திரையைக் கவனிக்கும் லைட்டிஎம் வழியா ஆட்டோ லாகின். அந்தக் கணக்கின் ஹோமை (அதன் ஃபைல், அமைப்பு எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) ஒருமுறை ஒழுங்குபண்ணி தனியா நகல் வையுங்க. லாகின் ஆகும்போது ஓடும் லைட்டிஎம்மின் செஷன்-செட்டப்-ஸ்கிரிப்டில் ஆர்சிங்க் (ஃபோல்டரை நகலெடுக்கும் கட்டளை), டெலீட் ஆப்ஷனோடு, அந்த நகலைத் திரும்ப எழுதட்டும். லாக்அவுட் ஆகும்போது ஓடும் கிளீனப் ஸ்கிரிப்டில் போடாதீங்க. கரண்ட் போனா அது ஓடவே ஓடாது. நகலில் இருக்கும் ஃபைல்கள் ரூட் (நிர்வாகி கணக்கு) பேரில் இருந்தா லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும், உரிமையாளரைப் பாருங்க.

முக்கியமா, டக்ஸ் பெயிண்டின் சேவ்டிர் (படங்களைச் சேமிக்கும் இடம்) ஹோமுக்கு வெளியே இருக்கணும். இல்லாட்டி பிள்ளைங்க வரைஞ்ச படமெல்லாம் மறுநாள் காலையில் போயிடும். தமிழ் எழுத ஐபஸ்-எம்17என் என்ற நிரல், அதில் தமிழ்99 விசைப்பலகை. நகல் எடுக்கும் முன்னாடியே அதையும் அமைச்சிடுங்க.