மூன்றே நாளில் மூட்டுவலி போனது, நான்கு மாதத்தில் அம்மாவின் முகம் உப்பிவிட்டது. என்ன மருந்து இது?

கரிசல்காட்டான்:
அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டார். அப்புறம் சித்தி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நம்பரைக் கொடுக்க, கூரியரில் ஒரு டப்பா வந்தது. 60 கேப்சூல், 1,400 ரூபாய், முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாளே அம்மா படியேறி மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டார். அசந்துபோய் அடுத்த டப்பாக்களுக்கு நானே பணம் அனுப்பினேன், அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து நொந்துகொள்கிறேன். நான்கு மாதத்தில் முகம் வட்டமாக உப்பிவிட்டது, கைகால் மெலிந்திருக்கிறது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 இருந்தது 190 ஆகிவிட்டது. போன வாரம் கூரியர் வராமல் இரண்டு நாள் மருந்து இல்லை, வாந்தி, தலைசுற்றல், படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. "பார், இது இல்லாமல் என்னால் முடியாது" என்கிறார். இது போலியா? நாளையோடு நிறுத்திவிடலாமா?

மருந்துக்கடை மாணிக்கம்:
தம்பி, முதலில் ஒன்று, நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேப்சூலுக்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது, பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். இரண்டும் விலை மலிவு, வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அமுக்கும். உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் வேலையை வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு செய்ய ஆரம்பித்ததும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும். மருந்து நின்ற அந்த இரண்டு நாளில் அம்மாவுக்கு வெளியிலிருந்தும் கிடைக்கவில்லை, உள்ளேயும் போதிய சுரப்பு இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிற நிலை அது. அதை மருந்து நன்றாக வேலை செய்ததற்கு அடையாளம் என்று அம்மாவை நம்ப விடாதீர்கள்.

நாளைக்கே ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். டப்பா, மீதி கேப்சூல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். காலை 8 மணி வாக்கில் ரத்தத்தில் கார்ட்டிசோல் பார்ப்பார்கள், பிறகு அளவு தெரிந்த மாத்திரையாக மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அதற்குள் மறுபடி வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு கலந்த மருந்து என்று சந்தேகம் என வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மூலிகை மருந்து சாப்பிட்டார் என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. மூட்டுவலிக்கு என்று விற்ற ஆர்ட்ரி கிங் என்ற சப்ளிமெண்டில் லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோனும், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2022இல் எச்சரித்தது.

வேம்படி வைத்தியர்:
நான் சித்த மருத்துவம் படித்தவன், இதைப் பார்த்தால் எனக்குத்தான் அதிகம் எரிகிறது. தேய்ந்த மூட்டுக்கு மூன்று நாளில் படியேற வைக்கிற சூரணமோ லேகியமோ எங்களிடம் இல்லை. அப்படிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

லேபிளைப் பாருங்கள். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ என்று எழுதியிருக்க வேண்டும். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், முழு முகவரி, என்ன சரக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், காலாவதித் தேதி எல்லாம் வேண்டும். முகவரி இல்லாமல் செல்போன் எண் மட்டும் இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். இன்னொரு தந்திரம், மருந்து உரிமம் இல்லாதவர்கள் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம். உணவு என்று உரிமம் வாங்கியவர் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. டப்பாவோடு நோட்டீஸ் ஏதாவது வந்திருந்தால் அதில் சர்க்கரை நோயும் அடியோடு போகும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த விளம்பரமே, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் ஒன்று, லேபிளில் எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது சரி என்று ஆகிவிடாது, உரிம எண்ணையே திருடி அச்சடிக்கிறார்கள்.

கோவைப்பொண்ணு:
கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். வீட்டில் யாராவது லேபிள் இல்லாத சிவப்பழகு கிரீம் போட்டால் அதையும் பாருங்கள். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்ற அரிய வகை இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். காரணம் பாதரசம். தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். தங்கம், வெள்ளி நகை படாமல் பூசவும் என்று டப்பாவில் போட்டிருந்தால் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு, கையால் தொடாதீர்கள்.

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரைப் பார்த்துவிட்டோம். கார்ட்டிசோல் ரொம்பக் குறைவு. அளவு தெரிந்த மாத்திரை கொடுத்து மெல்லக் குறைக்கிறார், சர்க்கரைக்குத் தனியாக மருந்து. இதற்குச் சில மாதங்கள் ஆகலாமாம். டப்பாவில் உரிம எண் இல்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் மட்டும் இருந்தது, அதுவும் 13 இலக்கம்தான், எண்ணிப் பார்த்தேன். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் 1800-180-3024இல் சொல்லியிருக்கிறேன். சித்தி அந்த நம்பரை இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்திருந்தாராம். இரண்டு பேர் வீட்டுக்குப் போய், திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், மூன்றாமவர் போனை எடுக்கவில்லை, நாளைக் காலையில் நேரிலேயே போகிறேன்.