எம்ஆர்ஐ நார்மல், ஆனா முழங்கால் பூட்டிக்குது: லேட்டரல் மெனிஸ்கஸ் (வெளிப்பக்கக் குருத்தெலும்பு மெத்தை) ஆடுதான்னு அளந்து சொல்ல முடியுமா?

எலும்பு_பிஜி
19 வயசுப் பையன். சம்மணம் போட்டு எழும்போது வெளிப்பக்கம் பூட்டிக்குது, காலை உதறினா விட்டுடுது. ஏசிஎல் (மூட்டு நடுவுல இருக்கிற முன் சிலுவைத் தசைநார்) நல்லா இருக்கு. ரிப்போர்ட்ல "மெனிஸ்கஸ் நார்மல்". பாப்லிட்டியஸ் ஹையேட்டஸ் (பாப்லிட்டியஸ் தசையோட டெண்டன் மெனிஸ்கஸ் பக்கமா நுழையற இடைவெளி) மட்டும் அகலமா தெரியுது. எத்தனை மி.மீ. இருந்தா ஹைப்பர்மொபைல்னு (அளவுக்கு மீறி ஆடுதுன்னு) எழுதலாம்?

படம்_பார்ப்பவர்
எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே எண் கிடையாது. படம் எடுக்கிறது காலை நீட்டிப் படுத்த நிலையில. அப்போ மெனிஸ்கஸ் தன் இடத்துக்கே போயிருக்கும். காலை மடக்கினா லேட்டரல் மெனிஸ்கஸ் சராசரியா 11 மி.மீ. பின்னால நகரும், மீடியல் (உள்பக்கம்) 5 மி.மீ.தான். அசைவு அங்கே இயல்பே.

அகலத்தை விட ஃபாசிக்கிள்களை (மெனிஸ்கஸை அந்த டெண்டனோட பிடிச்சு வைக்கிற மெல்லிய நார்களை) தேடுங்க. சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) பிடி ஃபேட்-சாட்ல (கொழுப்பை அடக்கி நீரை வெள்ளையா காட்டுற எம்ஆர்ஐ வகை) பாப்லிட்டியஸ் டெண்டன் வர்ற ஸ்லைஸ்களை ஒவ்வொண்ணா ஓட்டுங்க. ஹையேட்டஸுக்குக் கூரை மாதிரி பின்-மேல் ஃபாசிக்கிள், அடியில முன்-கீழ் ஃபாசிக்கிள், ரெண்டும் மெல்லிய கறுப்புக் கோடு. கோடு அறுந்து அந்த இடத்துல வெள்ளையா நீர் நின்னா சந்தேகப்படலாம். தெளிவில்லைன்னா 45 டிகிரி சாய்ந்த கரோனல் (முன்னிருந்து பார்க்கிற வெட்டு) எடுக்கச் சொல்லுங்க. மூட்டுல நீர் கோத்திருந்தா ஹையேட்டஸ் சும்மாவே விரியும். நீரே இல்லைன்னா அறுந்த ஃபாசிக்கிளும் ஒட்டிக்கிட்டு முழுசா தெரியும்.

டிஸ்காய்டு (மெனிஸ்கஸ் பிறையா இல்லாம தட்டு மாதிரி அகலமா இருக்கிறது) பார்த்தீங்களா?

எலும்பு_பிஜி
நடு கரோனல்ல மெனிஸ்கஸ் அகலம் 13 மி.மீ. சார். ஆனா சாஜிட்டல்ல நாலு ஸ்லைஸ்ல போ-டை (மெனிஸ்கஸ் நடுவுல விடுபடாம வில்-டை மாதிரி தெரியறது) வருது.

படம்_பார்ப்பவர்
உங்க ஸ்லைஸ் 3 மி.மீ.யாத்தான் இருக்கும். "மூணு போ-டைன்னா டிஸ்காய்டு"ங்கிற விதி 4–5 மி.மீ. ஸ்லைஸ் காலத்துது. உங்களுக்கு நாலு வந்தாலும் 12, 13 மி.மீ.தான் ஆகுது, டிஸ்காய்டுக்கு 15 தாண்டணும்.

ஸ்கோப்_போர்ட்டல்
மீடியல் ரூட் (உள்பக்க மெனிஸ்கஸ் எலும்போட ஒட்டுற வேர்) கிழிசலுக்குப் பார்க்கிற 3 மி.மீ. எக்ஸ்ட்ரூஷனை (மெனிஸ்கஸ் வெளியே பிதுங்குறதை) இங்கே கொண்டுவந்து போட்டுடாதீங்க. அது வேற நோய்.

இந்தப் பையனுக்கு தீர்ப்பு ஆர்த்ரோஸ்கோப்பில (மூட்டுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறதுல) தான். காலை நாலு வடிவத்துல மடிச்சு வெச்சு, மெனிஸ்கஸோட பின் கொம்பை (பின்பகுதியை) ப்ரோபால (கொக்கி நுனிக் கம்பியால) முன்னால இழுங்க. காண்டைல் (தொடை எலும்போட உருண்டை முனை) நடுவைத் தாண்டி வந்தா ஆடுதுன்னு அர்த்தம். ஷேவரை (திசுவைச் சீவி உறிஞ்சுற கருவியை) சுத்தவிடாம, சக்‌ஷன் மட்டும் திறந்து கிட்டே கொண்டுபோனாலும் மெனிஸ்கஸ் தூக்கிக்கிட்டு வரும். டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்துற பட்டை) கட்டின அவசரத்துல இதைச் செய்யாம "நார்மல் ஸ்கோப்"னு மூடுறவங்கதான் அதிகம்.

கன்சென்ட்ல "தேவைப்பட்டால் மெனிஸ்கஸ் தையல்"னு முன்னாடியே எழுதிடுங்க. வெட்டி எடுக்கிறது இல்லை. ஹையேட்டஸை முழுசா அடைக்காம, அதுக்கு முன்னும் பின்னும் செங்குத்துத் தையல். பின் கொம்புக்கு நேர் பின்னால பாப்லிட்டியல் ஆர்ட்டரி (முழங்காலுக்குப் பின்னால ஓடுற தமனி), அதனால ஊசியின் ஆழத்தைக் குறைச்சு வைங்க. அப்புறம் 4–6 வாரம் 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது. சம்மணம் அதுக்கப்புறமும் சில மாசம் வேண்டாம்.