நம்ம மாவட்டத்து 5000 மீட்டர் அக்கா: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பென்னாகரத்தான்

அக்காவின் பெயரை யாரும் இங்கே போட வேண்டாம், போடாமலே தெரியும். பத்து வருடத்துக்கு மேல் நம் பக்கம் பெண்கள் நெடுந்தூர ஓட்டம் என்றால் அவர்தான். மாநிலத் தங்கம், விளையாட்டுக் கோட்டாவில் வேலை, எல்லாம் தெரிந்த கதை. என் மனதை விட்டுப் போகாதது அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஓர் ஓட்டம்.

மண் டிராக். சுண்ணாம்புக் கோடு பாதி காற்றில் போயிருந்தது. பெண்கள் 5000, பன்னிரண்டரைச் சுற்று. சுற்று எண்ண ஒரே ஒரு சார். அவரையும் நடுவில் நீளம் தாண்டுதல் பக்கம் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா பின்னால் ஓடிய இரண்டு பேரை ஒரு முழுச் சுற்று முந்திப் போனார். அங்கேதான் கணக்குக் குழம்பியது. நான் 1500க்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி இருநூறை அக்கா உயிரைக் கொடுத்து ஓடிக் கோட்டைத் தாண்டினார். என் வாட்சில் 17:50. தாண்டியதும் மேசையிலிருந்து குரல்: "நிக்காத, இன்னொரு ரவுண்டு இருக்கு!"

முடிந்துவிட்டது சார் என்று கத்தினேன். "நீ யாருப்பா? கயித்துக்கு வெளியே போ" என்றார்கள். அக்கா மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இடுப்பில் வைத்த கையை எடுத்தார். மறுபடி ஓட ஆரம்பித்தார்.

முதல் இடம் எப்படியும் அவருக்குத்தான். ஆனால் தாளில் ஏறியது 19:20. அந்த வருடப் பயிற்சி முகாமுக்கு நேரம் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். அவர் பெயர் வரவில்லை. திரும்பிப் பார்த்த அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

முன்னாள்_நடுவர்

தம்பி, படித்ததும் வயிறு எரிகிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஏன் யாரும் புரோட்டஸ்ட், அதாவது முடிவை எதிர்த்துப் புகார், கொடுக்கவில்லை?

முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஓடியவரோ அவருக்காக வேறு ஒருவரோ ரெஃப்ரியிடம் வாயால் சொன்னாலே போதும். எழுதிக் கொடுப்பதும் பணம் கட்டுவதும் அதற்கு அடுத்த கட்டமான அப்பீலுக்குத்தான். இது பாதிப் பயிற்சியாளர்களுக்கே தெரியாது. இன்னொன்று, 5000 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஓட்டத்தில் சுற்று எண்ணுகிற ஒருவரிடம் நான்கு பேருக்கு மேல் விடக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுத வேண்டும். மீதிச் சுற்றுப் பலகை வைக்க வேண்டும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டும். ஒன்பது பத்துப் பேர் ஓடினால் எண்ணுவதற்கு மட்டும் மூன்று பேர் வேண்டும். ஆள் இல்லையென்றால் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு நம்பரைக் கொடுத்து, "நீ இந்த நம்பரை மட்டும் பார்" என்று சொன்னால் போதும், பைசா செலவில்லை. பெற்றோர் யாராவது படித்தால் கவனியுங்கள்: கோட்டின் நேரே உட்காருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். வாயால் "முடிஞ்சிருச்சு சார்" என்று கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையாக நேரம் எழுதிய தாளை நீட்டினால் ரெஃப்ரி கட்டாயம் உட்கார்ந்து பார்ப்பார்.

நானும் அக்காவை ஒரு மாநிலப் போட்டியில் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் சடாரென்று வேகம் எடுப்பார். மணியை நம்பி ஓடுகிற ஓட்டம் அது.

விடுதித்_தோழி

நடுவர் ஐயா, அன்றைக்கு அவள் கூட யார் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் வரவில்லை. அம்மா கூலி வேலையை விட்டு வர முடியாது. பயிற்சியாளர் என்று தனியாக யாரும் கிடையாது. புரோட்டஸ்ட் கொடுத்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. விதி புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் யார் கையில் இருந்தது?

நான் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். அரிசியைப் பற்றித்தான் எழுத வந்தேன். டிராக் பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் பச்சை அரிசி வைத்திருப்பாள். நடக்கும்போது, பஸ்ஸில், படுக்கையில் கூட நறநறவென்று மெல்லுவாள். கெட்ட பழக்கம் என்று வார்டன் பிடுங்கி எறிந்தார். இரத்த சோகை இருப்பவர்களுக்கு அரிசி, சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று நாக்கு தேடும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலை மூன்றாவது கிலோமீட்டரில் ரோட்டோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "காலு வருது, மூச்சுதான் வரமாட்டேங்குது" என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டு. அதோடுதான் மாநிலத்தில் மூன்றாவது வந்திருந்தாள்.

மாதவிடாய் பல மாதம் நின்றுபோயிருந்ததும் அன்றுதான் வெளியே வந்தது. நல்லதுதானே, தொல்லை இல்லை என்று சீனியர்களே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாப்பிடுவதை விட அதிகமாக ஓடினால் உடம்பு முதலில் அதை நிறுத்தும், அப்புறம் எலும்பைத் தின்னும். அவளுக்குப் பிறகு கெண்டைக்கால் எலும்பில் கீறல் விட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சந்தோஷமான ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2010 குவாங்சோ ஆசியப் போட்டி, பெண்கள் 10000. இடுக்கிப் பெண் பிரீஜா ஸ்ரீதரன் 31:50.47 தங்கம், நாசிக் கவிதா ராவுத் 31:51.44 வெள்ளி. 25 சுற்று ஓடி இரண்டு பேருக்கும் ஒரு நொடி கூட இடைவெளி இல்லை. விடுதி டிவியில் செய்தியில் காட்டினார்கள். இவள் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். அன்றிலிருந்து மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை.

அரூர்_மருந்துக்கடை

அக்காவை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன், கடைக்கு வந்து இரும்புச்சத்து டானிக் வாங்கினார். அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய சகோதரி முக்கியமான விஷயத்தைத் தொட்டிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

நம் ஊரில் களி தின்றால் போதும், இரும்பு மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நம்புகிறோம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்துதான் அதிகம், எலும்புக்கு நல்லது. இரும்புச்சத்துக்குக் கம்பு அதைவிட மேல். முருங்கைக்கீரை, சுவரொட்டி, ஈரல், முட்டை சேர்க்க வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் நன்றாகச் சேரும். ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயில் போவது ஒருபுறம், ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் இரத்த அணுக்கள் உடைவது இன்னொருபுறம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைப் பார்க்க ஃபெரிட்டின் என்று தனி டெஸ்ட் இருக்கிறது, அதைக் கேட்டு எடுங்கள். அரசுப் பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவதை நானே பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதற்குப் பயந்துதான் எறிகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். ஆனால் டெஸ்ட் எடுக்காமல் கடையில் வந்து நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், கடைக்காரனாகவே சொல்கிறேன்.

களி_உருண்டை

களியைக் குறை சொல்லாதீர்கள் அண்ணா. எங்கள் பாட்டி களி தின்றுவிட்டு ஒகேனக்கல் வரை நடந்தவர்.

எனக்கு அக்கா கதையைவிட ரியோ ஒலிம்பிக்கை நினைத்தால்தான் கோபம். 2015இல் பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் 2:34:43 ஓடித் தேசிய சாதனை வைத்த நம் நாட்டு மாரத்தான் வீராங்கனை ஜெய்ஷா, அடுத்த வருடம் ஒலிம்பிக் மாரத்தானில் 2:47:19, 89ஆம் இடம். கோட்டைத் தாண்டி அப்படியே விழுந்தார். வழியில் இந்தியாவுக்கு ஒதுக்கிய மேசையில் ஒரு பாட்டில் கூட இல்லை என்றார். அக்காவின் கூடுதல் சுற்றும் இந்தத் தண்ணீரும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

முன்னாள்_நடுவர்

ஒன்றல்ல தம்பி. பானம் வேண்டுமா என்று கேட்டோம், அவரும் பயிற்சியாளரும் வேண்டாம் என்றார்கள் என்று இந்தியத் தடகளச் சம்மேளனம் பதில் சொன்னது. இரண்டு பக்கமும் சொன்னதைப் போடுங்கள். அங்கே கருத்து வேறுபாடு இருக்கிறது. அக்கா விஷயத்தில் வேறுபாடே இல்லை, அது கணக்குப் பிழை.

களி_உருண்டை

மயங்கி விழுந்தவர் பக்கம்தான் நான் நிற்பேன் ஐயா. வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் மேசையில் நான்கு பாட்டில் வைப்பதில் என்ன நட்டம்?

ஓசூர்_ஷிப்ட்

நான் பார்த்தது அக்கா வேலைக்குப் போய், குழந்தையும் பிறந்த பிறகு. ராயக்கோட்டை ரோடு, இன்னும் விடியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறோம். முன்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் ஊர்ந்து போகிறது, ஹாரன் அடித்தாலும் ஒதுங்கவில்லை. டிரைவர் கத்திக்கொண்டே பக்கத்தில் போனார். அப்போதுதான் தெரிந்தது, வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அக்கா ஓடிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஓட்டி வந்தது அவர் வீட்டுக்காரர். முன்னால் குழந்தையைத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார், அது தூங்குகிறது. நாய்க்காக ஒரு குச்சி வேறு.

டிரைவர் கத்துவதை நிறுத்திவிட்டார். முந்தவும் இல்லை. பின்னாலேயே மெதுவாக வந்தார். பஸ் விளக்கில் ரோடு தூரம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. அக்கா வேகத்தைக் கூட்டினார் பாருங்கள்! தூங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். என் பக்கத்து சீட்டுப் பெண், அஞ்செட்டிப் பக்கம், ஒரு நாளும் வாய் திறக்காதவள். "ஸ்கூல்ல எனக்கு 800ல கப்பு இருக்குது அக்கா" என்றாள். அப்புறம் ஏன் விட்டாய் என்று கேட்டேன். பன்னிரண்டு முடித்ததும் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், வந்துவிட்டேன் என்றாள்.

எனக்கு உறுத்துவது அவள்தான். அந்தப் பஸ்ஸில் இன்னும் எத்தனை பேரோ. பெண்களால் முடியாது என்று சொல்லித்தானே ஒலிம்பிக்கிலேயே பெண்கள் மாரத்தானை 1984 வரைக்கும் வைக்கவில்லை. 10000 வந்தது 1988, 5000 வந்தது 1996. அதற்கு முன்னால் ஓடக்கூடியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

காரிமங்கலம்_அப்பா

புதுக்கோட்டை சூர்யாவை யாரும் சொல்லவில்லையே. 2016 கௌஹாத்தி தெற்காசியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம். 2017 டெல்லி அரை மாரத்தானில் 1:10:31. தமிழ்நாட்டுப் பெண், நம்மைப் போல மானாவாரி பூமியிலிருந்து வந்தவர்.

என் சின்ன மகள் எட்டாவது படிக்கிறாள். ஸ்கூலில் ஓடுகிறாள். அக்கா இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? ஷூ என்ன வாங்க வேண்டும்? பணம் எவ்வளவு?

விடுதித்_தோழி

உண்மைதான். 2023 அக்டோபர் 3ஆம் தேதி நானும் அவள் சொல்லித்தரும் மைதானத்தில் இருந்தேன். ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் நாட்டுப் பாருல் சௌத்ரி 5000 ஓடுகிறார். முந்தைய நாள்தான் தடை தாண்டி ஓடும் ஸ்டீப்பிள்சேஸில் வெள்ளி வாங்கியிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒரு போனைச் சுற்றிக் குவிந்துகிடந்தார்கள். இவள் போனைப் பார்க்கவில்லை. தள்ளி உட்கார்ந்து, போனிலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும் பன்னிரண்டு கொட்டையும் ஒரு பாதிக் கொட்டையும் கொடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளை போட்டியில் ஓடும்போது அம்மா கோட்டுக்கு நேரே உட்கார்ந்து எண்ண வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எண்ணுகிறார்கள், நடுவர் ஐயா.

கடைசி நேர்கோட்டில் ஜப்பான்காரப் பெண் ஹிரோனகா முன்னால். பிள்ளைகள் போச்சு போச்சு என்று கத்த, இவள் "இன்னும் இருக்குது, இன்னும் இருக்குது" என்று எழுந்துவிட்டாள். பாருல் முந்தினார், 15:14.75. தங்கம் ஜெயித்தால் எங்கள் ஊர் போலீஸில் டிஎஸ்பி வேலை தருவார்கள் என்று நினைத்துத்தான் ஓடினேன் என்று பிறகு பாருல் சொன்னதைக் கேட்டு இவள் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லுது அந்தப் பொண்ணு" என்றாள். வேலை கிடைத்த பிறகுதான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பென்னாகரத்தான்

காரிமங்கலம் அண்ணா, உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இடத்தைச் சொல்கிறேன். காலை ஐந்தே காலுக்கு ஆரம்பம், பணம் வாங்குவதில்லை. புது ஷூ வேண்டாம், இருப்பதைப் போட்டு வரட்டும். மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று முதல் நாளே கேட்பார், பிறகு இரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்பார். இரண்டு மாதத்துக்கு வேகமாக ஓட விடமாட்டார், அதற்கு அவசரப்படாதீர்கள். அண்ணியையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள், கொட்டையை அவர்களிடம்தான் கொடுப்பார்.