பசங்க ஸ்கூல் சுவர்ல ஆபரிஜினல் மியூரல்: உங்க பக்கமும் நடந்துச்சா?

நாங்க சிட்னி மேற்குல, துங்காபி பக்கம். போன டெர்ம் பையன் ஸ்கூல்ல கேன்டீன் பக்கத்து சுவர்ல ஆபரிஜினல் மியூரல் (ஆஸ்திரேலியப் பழங்குடிங்களோட சுவர் ஓவியம்) வரையப்போறோம், பழைய டிஷர்ட் குடுத்தனுப்புங்கன்னு நோட் வந்துச்சு. சரி, புள்ளி வைக்கிறதுதானே, மார்கழிக் கோலம் போட்ட கைன்னு நானும் ஹெல்ப்புக்குப் பேர் குடுத்துட்டேன்.

போனா முதல் நாள் பெயிண்ட்டே இல்ல. வரைய வந்தவங்க டாருக் ஆளுங்க, அதாவது சிட்னி மேற்குப் பக்கத்துப் பழங்குடி, எல்லாரும் ஆன்ட்டின்னுதான் கூப்பிட்டோம் (அவங்க வழக்கமும் அதேதான்). நாலாம் கிளாஸ் பசங்கள அப்படியே துங்காபி க்ரீக் கரைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய் உக்காரவச்சு, பத்து நிமிஷம் வாயத் தொறக்காம பாருங்க, பாத்தத வரைங்கன்னுட்டாங்க.

புள்ளி எப்போ வைப்போம்னு நான்தான் அசடு மாதிரி கேட்டேன். அது நடு ஆஸ்திரேலியா பாலைவனத்துக்காரங்களோடது, அத நான் எடுத்து வரையக்கூடாது, எங்க பக்கம் பாறையில கோடுன்னாங்க. சிட்னிக்கு வடக்க கு-ரிங்-காய் நேஷனல் பார்க் பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க, மணற்பாறைல மீன், திமிங்கலம், கங்காரு எல்லாம் வெறும் அவுட்லைனா செதுக்கியிருக்கும். நானும் பாத்து போட்டோல்லாம் எடுத்தவதான், மண்டைல ஏறல.

பரமட்டான்னு தினமும் ட்ரெயின்ல கேக்குறோமே, அந்தப் பேரே விலாங்கு கிடக்கிற இடம்ங்கிறதுல இருந்து வந்ததாம். அதனால சுவர்ல ஹீரோ விலாங்கு. பரமட்டா ஆத்துல வளர்ந்துட்டு நியூ கலிடோனியா பக்கம் கடலுக்குப் போய் முட்ட போடும், குஞ்சுங்க திரும்பி வரும். பசங்க வாத்து, பிளாஸ்டிக் பை, நண்டுன்னு வரைஞ்சிருந்தாங்க, ஒருத்தன் தண்ணில கவுந்து கிடந்த ஷாப்பிங் டிராலிய வரைஞ்சிருந்தான். எல்லாரும் சிரிக்க, ஆன்ட்டி சிரிக்கல. இதத் தாண்டி விலாங்கு கடலுக்கு எப்படிப் போகும்னு கேட்டாங்க, அவ்வளவுதான், அரை மணி நேரம் சண்டை. கம்பிக்குள்ள பூந்து போகும்னு என் பையன், மழை ராத்திரில புல்லு மேலயே ஊர்ந்து போயிடும்னு ஒரு பொண்ணு (நெஜமாவே போகுமாம்). அந்தப் பொண்ணு சொன்ன வழிதான் சுவர்ல நீளக் கோடா வந்துச்சு.

*

அக்கா, நாங்கள் மெல்பேர்ன். எங்கட மகளின்ட ஸ்கூல்ல டிசைன் முழுக்க முடிச்சுப்போட்டுத்தான் பிள்ளைகளக் கூப்பிட்டவை, கலர் நிரப்பினதோட சரி. மகள் வீட்ட வந்து நான் என்னத்த வரைஞ்சனான்னு கேக்கிறாள், சொல்லத் தெரியேல்ல.

*

ஸ்கூல் சுவர்னா எனக்கு பாபுன்யாதான் ஞாபகம் வரும். நடு ஆஸ்திரேலியா பாலைவனத்துல ஒரு பழங்குடி ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுன்ல இருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல உள்ள. 1971ல ஜெஃப்ரி பார்டன்னு ஒரு வாத்தியார் பசங்கள உங்க ஊர்ப் பாணிலயே வரைங்கன்னு சொல்லப்போய், பெரியவங்களே வந்து ஸ்கூல் சுவர்ல தேன் எறும்பு கதைய வரைஞ்சாங்க, முன்னாடி நின்னு வரைஞ்சது காபா ஜம்பிஜின்பா. அடுத்த வருஷமே அவங்களுக்குச் சொந்தமா ஆர்ட் கம்பெனி. ஆனா அந்த சுவர் 1974ல மேல பெயிண்ட் அடிச்சு காலி. இன்னிக்கு இருந்தா என்ன விலை போயிருக்கும்! சரி, டிராலி என்னாச்சு?

*

இருக்குங்க. அசிங்கமா இருக்கு, எடுத்துடலாமேன்னு பெரியவங்கள்ல ஒருத்தர் இழுத்தாரு, பசங்க விடல. விலாங்கோட வால் இன்னும் அது பக்கத்துலதான் கிடக்கு, தல மட்டும் ஹேண்ட்பால் கோர்ட் வரைக்கும் போயிடுச்சு. டிஷர்ட்ல பட்ட காவி கலர் மூணு வாஷ் ஆகியும் போகல.