பழைய டி420 லேப்டாப்புக்கு பார்ட்ஸ் கழட்ட இன்னொரு செத்த லேப்டாப் வாங்கலாமா?

உசிலம்பட்டியான்: அண்ணே, மாமா பையனோட 2011 திங்க்பேட் டி420 கைக்கு வந்துச்சு, ஹிஞ்ச் (திரைய மடக்குற கீல்) ஒடிஞ்சு திரை தொங்குது, ராம் வெறும் 2 ஜிபி. டவுன்ஹால் ரோட்டுல அதே மாடல், மதர்போர்டு செத்தது, 1500 ரூபா சொல்றாங்க, கழட்டி மாட்டிக்கலாமா?

மேலூர் பங்காளி: கண்ண மூடிட்டு வாங்குடா தம்பி, மூடி, ஹிஞ்ச், கீபோர்டு எல்லாம் அப்படியே உக்காரும். 8 ஜிபி டிடிஆர்3 ராம் ரெண்டு போட்டா 16 ஜிபி எடுக்கும், ஹார்ட் டிஸ்க்க தூக்கிட்டு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (அதவிட வேகமான டிஸ்க்) போடு, அதுலதான் பாதி உசுரு. 1500 அதிகம், 1000 கேளு.

அனுப்பானடி: பிராசசர் சாக்கெட்லதான் இருக்கு, மாத்தலாம், ஆனா கம்பெனி பயாஸ்ல (லேப்டாப்ப பூட் பண்ற உள் மென்பொருள்) இன்டெல் மூணாவது தலைமுறை சிப் ஓடாது. ஐ7-2630க்யூஎம் போட்டா 45 வாட், நம்மூரு சித்திரை வெயில்ல தோசை சுடலாம் 😂 வைஃபை கார்டு வேற மாடல் போட்டுறாத, பயாஸ் 1802 எர்ரர் காட்டி பூட்டே ஆகாது.

உசிலம்பட்டியான்: 1200க்கு முடிச்சேன்ணே. ஃபேன தொறந்தா கரப்பான் முட்டை, பிராசசர் மேல சூடு கடத்துற பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சு கெடக்கு. தொடச்சு மாட்டிட்டேன், ஓடுது. தீப்பெட்டில ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு, எங்கனு தெரியல.